நாலு மூலையிலும் மஞ்சள்

நல்லுறக்கம் அறக்கட்டளை ஒரு கொசுவலையைக் கொடுப்பதற்கு முன்பு, அதை வாங்கிக்கொள்ளும் தகுதி அந்தத் தாய்க்கு இருக்கிறதா என்று மூன்று நாள் சோதித்துப் பார்க்கும். கொசுவுக்கு அப்படிச் சோதனை ஏதும் கிடையாது. அது நேராக வந்து கடித்துவிட்டுப் போய்விடுகிறது. இந்த வேறுபாட்டை அறக்கட்டளை தன் ஆண்டறிக்கையில் 'எதிர்த்தரப்பின் ஒழுங்கீனம்' என்று குறிப்பிட்டிருக்கிறது.

தாராவியில் குடியிருக்கும் பேராச்சி அந்த மூன்று நாளும் போய் உட்கார்ந்தாள். அவள் மகள் பிரம்மசக்திக்கு நாலு வயது. போன மழைக்காலத்தில் மலேரியா வந்து சயான் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து எழுந்த பிள்ளை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், மருந்து ஏற்றிய வலைக்குள்தான் இனிமேல் தூங்க வைக்க வேண்டும், சும்மா வலை போதாது, பிள்ளை புரண்டு வலையோடு ஒட்டிப் படுத்தால் கொசு வெளியே உட்கார்ந்தபடியே கடித்துவிடும் என்று இந்தியில் நிதானமாகச் சொன்னார். பேராச்சியின் வீடு பத்துக்குப் பன்னிரண்டு. அதில் எதன் மேலும் ஒட்டாமல் படுக்க வேண்டுமென்றால் நின்றுகொண்டுதான் தூங்க வேண்டும். பஜாரில் சும்மா வலை எட்டு நிறத்தில் தொங்கியது. மருந்து வலை அறக்கட்டளையிடம் மட்டும் இருந்தது. ஆகவே பேராச்சி தகுதி பெறப் போனாள்.

முதல் நாள் கொசுவின் வாழ்க்கை வரலாறு. இரண்டாம் நாள் அறக்கட்டளையின் வாழ்க்கை வரலாறு. இது கொஞ்சம் நீளம். மூன்றாம் நாள் வாய்மொழித் தேர்வு. விதிமுறை அலுவலர் தனசீலன் தேர்வு வைத்தார்.

"கொசு பிள்ளையக் கடிக்க வருது. தாய் என்ன செய்யணும்?"

"அடிக்கணும் சார்."

தனசீலன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "அடிக்கிறது உணர்ச்சி. நான் கேட்டது நடைமுறை. முதல்ல வலையச் சரிபார்க்கணும். ஓட்டை இருந்தா படிவம் ஏழுல எழுதணும். அப்புறம் களப்பணியாளருக்குத் தெரிவிக்கணும்."

"அதுக்குள்ள அது கடிச்சிருமே சார்."

"கடிச்சா படிவம் எட்டு."

கருணை மதிப்பெண்ணில் பேராச்சி தேறினாள். வலது கையை நீட்டி உறுதிமொழி எடுத்தாள். முப்பத்தொரு விதிகள் அச்சடித்த தாளோடு ஒரு வெள்ளை வலை அவள் கைக்கு வந்தது.

விதி ஒன்று: புது வலையை நேரடி வெயில் படாத, நல்ல காற்றோட்டமுள்ள, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு நாள் முழுதும் விரித்து உலர்த்த வேண்டும்.

பக்கத்து வீட்டு சேசம்மாள் தையல் மிஷினை நிறுத்திவிட்டு அந்த விதியை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். "ஆள் நடமாட்டம் இல்லாத எடமா? அப்படி ஒண்ணு தாராவியில இருந்தா நாம எதுக்குட்டி இங்க கெடக்கோம்? அங்க போயி இருந்திருக்க மாட்டமா?"

கடைசியில் சந்துக்குக் குறுக்கே கயிறு கட்டி விரித்தார்கள். அன்று முழுதும் அந்தச் சந்தில் போனவர் வந்தவர் எல்லாரும் கல்யாண மண்டபத்துக்குள் நுழைகிறவர்களைப் போல வலையை விலக்கிக்கொண்டு நடந்தார்கள். மோட்டார் பைக்கில் பார்சல் கொண்டுவந்த ஒருவன் மட்டும் விலக்கவில்லை. அவன் தலையில் முக்காடு போட்டாற்போல வலையோடு இருபதடி போய், இறங்கி, மடித்துக் கொடுத்துவிட்டு, "ஸாரி பாபி" என்று அண்ணி முறை வைத்துச் சொன்னான்.

மறுநாள் சாயங்காலம் வலை வீட்டுக்குள் வந்தது. வீட்டுக்குப் புதுத்துணி எது வந்தாலும், சட்டையோ சேலையோ தலையணை உறையோ, ஓரத்தில் துளி மஞ்சள் தடவாமல் பேராச்சி உடம்பில் பட விடமாட்டாள். வலையும் துணிதான். பெரிய துணி. அதுவும் நோய் கண்டு எழுந்த பிள்ளைக்கு. ஆகவே ஒரு மூலையோடு நிறுத்தாமல், மஞ்சளைக் குழைத்து மேல் மூலை நாலிலும் கட்டைவிரலால் ஒரு பொட்டு வைத்தாள். முப்பத்தொரு விதிகளில் எதிலும் மஞ்சள் தடவக் கூடாது என்று இல்லை. அந்த விதிகளை எழுதியவர்கள் புதுத்துணியை அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கிறவர்கள் போலிருக்கிறது.

கட்டுவது தனி வேலை. ஒரு கயிறு மேல்தட்டுக்கு ஏறும் ஏணியில், ஒரு கயிறு ஜன்னல் கம்பியில், ஒரு கயிறு சுவர் ஆணியில், நாலாவது அலமாரியின் கைப்பிடியில். அலமாரியைத் திறந்தால் வலையின் அந்த மூலை எழுந்து வணக்கம் சொன்னது. புருஷன் செல்வம் லெதர் பட்டறையிலிருந்து வந்து, சட்டை எடுக்க அலமாரியைத் திறக்காமல் இரண்டு நாள் ஒரே சட்டையைப் போட்டான்.

ஆனாலும் மூன்று காலையும் வலைக்குக் கீழே செத்த கொசுக்கள் கிடந்தன. பேராச்சி அவற்றை ஒரு தாளில் பெருக்கி எடுத்து, பக்கத்து வீட்டுக்குப் பலகாரம் கொண்டுபோவது மாதிரி கொண்டுபோய் சேசம்மாளிடம் காட்டினாள்.

நாலாம் நாள் பதினோரு மணிக்கு ஜெப்ரி வந்தான். அறக்கட்டளையின் களப்பணியாளன், இரண்டு சந்து தள்ளிப் பிறந்தவன். தமிழ் பேசுவான், வாசிக்க வராது. அதனால் தமிழில் இருந்த மொபைல் ஆப்பை அவன் படம் பார்த்தே இயக்கினான்.

"அக்கா, பாப்பா வலைக்குள்ள தூங்கற போட்டோ வேணும்."

"இப்பவா? பதினோரு மணிக்கு எந்தப் பிள்ளை தூங்கும் தம்பி?"

"ஆபீஸ் டைம் அக்கா. பத்து டு அஞ்சுக்குள்ள தூங்குனாத்தான் கணக்கு."

பிரம்மசக்தி வலைக்குள் படுக்க வைக்கப்பட்டாள். கண்ணை மூடச் சொன்னால் வாயையும் சேர்த்து இறுக்கி மூடிக்கொண்டு, மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஏழாவது படம் தேறியது. பிறகு ஆப் வலையின் நாலு மூலைகளையும் தனித்தனியாகப் படமெடுக்கச் சொன்னது. எடுத்தான். போன் சிவப்பாக மாறி, ஆட்டோ பின்னால் வருவதைப் போல விட்டுவிட்டுக் கத்தியது.

"ஆரே, என்ன மஞ்சள் இது?"

"மஞ்சள்தான்."

"அதான் அக்கா, என்னது?"

"மஞ்சள்தான் தம்பி. மஞ்சத்தூளு. புதுத்துணிக்கி வைக்க மாட்டாவளா உங்க வீட்டுல?"

"எங்க வீட்டுல ஜெபம் பண்ணித்தான் போடுவோம்" என்றான் ஜெப்ரி. "அது கலர் தெரியாது. இது தெரியுது. வலை கலர் மாறிப்போச்சுன்னு படம் காட்டுது. இனி ஆப் முன்னால போகாது. வலைய சீல் பண்ணி ஆபீசுக்குக் கொண்டு போகணும். டென்ஷன் நை லேனே கா, கவலப்படாதீங்க, ரெண்டு நாள்ல வந்துரும்."

வலை ஒரு பையில் போய், பையின் வாயில் அரக்கு விழுந்தது. அதன் பெயர் இனிமேல் மாதிரி எண் நாற்பத்தொன்று. வலைக்குப் பதிலாக ஜெப்ரி ஒரு ஸ்டிக்கர் கொடுத்தான். அதில் சிரிக்கும் குழந்தையும், 'இந்த வீட்டில் கொசுவுக்கு இடமில்லை' என்ற வாசகமும் இருந்தன. கதவில் ஒட்டினாள். கொசுக்களுக்கும் தமிழ் வாசிக்க வராது போல.

இரண்டு நாள் எட்டு நாளாயிற்று. பேராச்சி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி செம்பூர் ஆபீசுக்குப் போனாள். உள்ளே ஏசி போட்டு, எல்லா ஜன்னலிலும் கம்பிவலை அடித்திருந்தார்கள். அங்கே ஒரு கொசு நுழைய வேண்டுமானால் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

இயக்குநர் விஜயலட்சுமி, மாதுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம், அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"வாங்கோ வாங்கோ. நீங்கதானா அந்த மதர்? உக்காருங்கோ. இந்த மஞ்சளை எவ்வளவு காலமாத் தடவறேள்?"

"சின்னப் பிள்ளையில இருந்தே தடவுதோம் மேடம். எங்க ஊருல எல்லாரும் தடவுவாவ."

"எதுலெல்லாம்?"

"சட்டை, பாவாடை, சேலை, எது வந்தாலும்."

"அப்போ உங்களுக்கு மலேரியா வந்ததில்லை."

"வந்துச்சே. ரெண்டு தடவ."

விஜயலட்சுமி எழுதிக்கொண்டார்: 'இரண்டே தடவை.'

"எம் பிள்ளை வலை எப்ப வரும் மேடம்?"

"வலை எங்கேயும் போகலை. பத்திரமா இருக்கு. அதைப் பத்தி இங்க பெரிய விவாதமே நடந்துண்டிருக்கு, தெரியுமோ."

நடந்துகொண்டுதான் இருந்தது. தனசீலன் அது அறக்கட்டளைச் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம் என்றார். தாயைத் தகுதிப் பட்டியலிலிருந்து நீக்கி, மறுபடி மூன்று நாள் உட்கார வைக்க வேண்டும் என்பது அவர் கட்சி. விஜயலட்சுமி அது மண்ணின் அறிவு என்றார். தாய்க்கு விருது கொடுக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இரண்டு கட்சியும் ஒரு விஷயத்தில் மட்டும் ஒன்றாக இருந்தன: முடிவாகும் வரை வலையைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது.

வலை போன மூன்றாவது வாரம் பிரம்மசக்திக்கு உடம்பு சுட்டது. கன்னத்தில் கை வைத்ததுமே பேராச்சிக்குப் போன வருஷத்து ஒன்பது நாளும் திரும்பி வந்தன. தூக்கிக்கொண்டு தவாகானாவுக்கு, பக்கத்து அரசு மருந்தகத்துக்கு, ஓடினாள். விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும் வரை அவள் பெஞ்சில் உட்காரவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தச் சுவருக்கும் இந்தச் சுவருக்குமாக நடந்தாள். மலேரியா இல்லை, சாதாரணச் சளிக் காய்ச்சல் என்று சொன்னபோதுதான் தன் காலில் செருப்பு இல்லாததைப் பார்த்தாள்.

மறுநாள் ஜெப்ரி வந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, பாப்பாவுக்கு ரிப்போர்ட் என்ன வந்துச்சு?"

"ஒண்ணுமில்ல. சளிதான்."

"மலேரியா இல்லியா?"

"இல்ல."

"மேடம் இன்னொரு தடவை கேக்கச் சொன்னாங்க." அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். "வலை எடுத்ததும் மலேரியா வந்துச்சுன்னா ரிப்போர்ட்டுக்கு நல்லாருக்குமாம்."

"ஒங்க மேடத்துக்கிட்ட சொல்லு தம்பி, எம் பிள்ளை ஒத்துழைக்கலன்னு."

இன்னும் இரண்டு வாரம் கழித்து, வலையின் மஞ்சளை அனுப்பியிருந்த சோதனைச்சாலையிலிருந்து முடிவு வந்தது. ஐந்து வாரம், இரண்டு இயந்திரம், பதினான்கு பக்கம். கடைசிப் பக்கத்தின் கடைசி வரி: 'இது மஞ்சள்.' விஜயலட்சுமி இந்த முடிவைச் சக ஊழியர்களுக்கு அறிவித்தபோது குரல் கரகரத்ததாகச் சொல்கிறார்கள். உடனே 'மஞ்சள் வலை ஆய்வு' உருவாயிற்று. தாராவியில் நூறு வீடு. ஐம்பது வீட்டுக்கு மஞ்சள் தடவிய வலை. ஐம்பது வீட்டுக்கு எதுவும் இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

பேராச்சி செம்பூருக்கு மூன்றாம் தடவை போனபோது விஜயலட்சுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்க வீடும் ஆய்வுல இருக்கு. கம்ப்யூட்டரே எடுத்துது."

"அப்ப வலை குடுத்துருவியளா மேடம்?"

"நீங்கோ ரெண்டாவது அம்பதுல வரேள்."

"ஒண்ணும் குடுக்காத அம்பதா?"

"அப்படிச் சொல்லக் கூடாது. ஒப்பீட்டுக் குழு. அதுலயும் யாராவது இருந்தாத்தானே விஞ்ஞானம்? கண்டுபிடிச்சவாளே அதுல இருக்கறது எங்களுக்கு எவ்வளவு பெருமை, யோசிச்சுப் பாருங்கோ."

"மஞ்ச வச்சது நானு. அது எம் பிள்ளை வலை."

"அதனாலதான் விழாவுல அந்த வலையையே மேடையில கட்டப்போறோம். நீங்கோதான் கௌரவ விருந்தாளி. கட்டாயம் வரணும். பொன்னாடை உண்டு."

'அந்த வலையையே' என்ற சொல் மட்டும் பேராச்சியின் காதில் தங்கியது. "வாறேன்" என்றாள்.

விழா மாதுங்காவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சேசம்மாளும் கூட வந்தாள். மேடை நடுவில் தேக்குக் கட்டில் ஒன்று போட்டிருந்தார்கள். அந்தக் கட்டில் பேராச்சியின் வீட்டுக்குள் வந்தால் வீடு வெளியே போய்விடும். கட்டிலின் நாலு கம்பத்திலும் மாதிரி எண் நாற்பத்தொன்று கட்டியிருந்தது. உள்ளே நீலக் கண்ணும் சிவந்த கன்னமுமாக ஒரு பொம்மை நிம்மதியாகத் தூங்கியது. மழைக்காலம், கதவுகள் திறந்திருந்தன. கூட்டம் கையாலும் அழைப்பிதழாலும் தன்னைத் தானே அடித்துக்கொண்டிருந்தது. பேச்சாளர்கள் அதைக் கைதட்டல் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த மண்டபத்தில் கொசு கடிக்காத ஒரே ஆள் அந்தப் பொம்மை.

முதலில் தனசீலன் பேசினார். "ஆறு வருஷத்துல எங்க வலைகள்ல ஒண்ணுகூடக் கிழிஞ்சதில்ல. என்ன காரணம்? தகுதியில்லாத கைக்கு நாங்க எதையும் குடுக்கிறதில்ல. பதினோராயிரம் வலை கோடவுன்ல அன்னிக்கு வந்த மாதிரியே இருக்கு. இத வேற எந்த அமைப்பும் சொல்ல முடியாது."

சடசடவென்று சத்தம். பாதி கொசு, பாதி பாராட்டு.

அடுத்து விஜயலட்சுமி. "இந்தத் தாய்கிட்ட நாங்க கத்துண்டது நிறைய. அவங்க எங்க ஆபீசுக்கு மூணு தடவை வந்தா. மூணு தடவையும் ஒரே கேள்விதான் கேட்டா, வலை எப்ப வரும்னு. அந்தப் பொறுமை இருக்கே, அதை நாங்க ஒரு பயிற்சிப் பாடமாவே பண்ணப்போறோம். வலை வேணும்னு கேக்கற தாய்தான் விழிப்புணர்வுள்ள தாய். வலை கிடைச்சுட்டா கேக்கறதை நிறுத்திடறா. அது ஒரு பின்னடைவு."

சேசம்மாள் பேராச்சியின் காதில், "இவிய பேசுறதக் கேட்டா கொசுவே தேவலன்னு இருக்குட்டி" என்றாள்.

பேராச்சியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஜரிகைக்கரை போட்ட பொன்னாடை தோளில் விழுந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கேடயம் ஒன்று கைக்கு வந்தது. மைக்கை அவள் வாய்க்கு நேராக நீட்டி, ரெண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவள் கட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வலை என்னுதா மேடம்?"

விஜயலட்சுமி இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவரைப் போல மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். "உங்களோடதேதான். எங்களோடது எதுவுமே இல்லை. எல்லாமே தாய்மாருக்குச் சொந்தம்."

"அப்பச் சரி" என்றாள் பேராச்சி.

கேடயத்தைக் கீழே வைத்தாள். கட்டிலருகே போய் முதல் கம்பத்து முடிச்சை அவிழ்த்தாள். கூட்டம் அடுத்த நிகழ்ச்சி இதுதான் போலிருக்கிறது என்று நிமிர்ந்து உட்கார்ந்தது. இரண்டாவது முடிச்சு. புகைப்படக்காரர்கள் முன்னால் வந்தார்கள். மூன்றாவது முடிச்சு இறுகியிருந்தது; பல்லால் இழுத்தாள். தனசீலன் எழுந்து, "படிவம் பன்னிரண்டு இல்லாம வலைய வெளிய எடுக்க முடியாதும்மா" என்று சன்னமாகச் சொன்னார்.

"இத கொஞ்சம் பிடிங்க சார்" என்று பேராச்சி பொம்மையை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

ஆயிரம் தாய்மாருக்கு வாய்மொழித் தேர்வு வைத்த கை அது. பொம்மையின் தலையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. தலை பின்னால் சாய்ந்தது. முன்வரிசையில் நாலைந்து பெண்கள் ஒரே குரலில், "தலைய பிடிங்க, தலைய பிடிங்க" என்றார்கள். அவர் பிடித்துக்கொண்டார். பிடித்தபடி வேறு எதுவும் செய்ய முடியவில்லை.

நாலாவது முடிச்சும் அவிழ்ந்தது. பேராச்சி வலையை உதறி, எட்டாக மடித்து, அக்குளில் இடுக்கிக்கொண்டாள். கேடயத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, படியிறங்கி, சேசம்மாளின் மடியிலிருந்த பிள்ளையை எழுப்பி நடத்திக்கொண்டு வாசலைப் பார்த்துப் போனாள். மண்டபம் எழுந்து நின்று தட்டியது. இந்தத் தடவை நிஜமாகவே. விஜயலட்சுமி ஒரு கணம் திகைத்தார். அவர் அனுபவசாலி. "சமூகம் தானே முன்வந்து பொறுப்பேற்றுக்கொள்ளும் தருணம் இது. இதைத்தான் நாங்க திட்டமிட்டோம்" என்று மைக்கில் சொன்னார்.

வீட்டில் விரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. நாலு மூலையிலும் கயிற்றை விட்டுவிட்டு, மஞ்சள் இருந்த இடத்தை மட்டும் சோதனைச்சாலை கத்தரித்து எடுத்திருந்தது. உள்ளங்கை அகலத்துக்கு நாலு சதுர ஓட்டை. கொசு கூட்டமாகவே வந்து போகலாம்.

சேசம்மாள் ஓட்டைக்குள் கையை விட்டு ஆட்டிக் காட்டினாள். "படிவம் ஏழு எங்கட்டி?"

பேராச்சி தோளிலிருந்த பொன்னாடையை எடுத்து அவள் மிஷின் மேல் போட்டாள்.

"இதயா? ஜரிகை குத்துமே."

"மேல் மூலைதானக்கா. பிள்ளை அவ்வளவு ஒசரத்துக்குப் புரளாது. வெட்டுங்க."

சேசம்மாள் வெட்டினாள். நாலு சதுரம், மடித்து அடித்து, இரட்டைத் தையல். வலையைக் கட்டி நிமிர்ந்தபோது ஏணிப் பக்கமும் ஜன்னல் பக்கமும் ஜரிகை மின்னியது. செல்வம் வந்து பார்த்துவிட்டு, "என்ன, சாமி எழுந்தருளப் போகுதா?" என்றான். கேடயத்துக்கும் வேலை கிடைத்தது. கால்மாட்டில் வலையின் ஓரம் தூக்கிக்கொள்ளாமல் அதன் மேல் படுத்துக்கொண்டது. பிரம்மசக்தி உள்ளே நுழைந்து, இரண்டு உருளு உருண்டு, தூங்கிப்போனாள்.

எட்டு மணிக்கு ஜெப்ரி வாசலில் வந்து நின்றான். கையில் போன்.

"அக்கா, மேடம் அனுப்புனாங்க. பொன்னாடை போட்டுட்டு நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணுமாம், ரிப்போர்ட் அட்டைக்கு."

பேராச்சி உதட்டில் விரலை வைத்து, மறுகையால் மேலே காட்டினாள். ஜெப்ரி அண்ணாந்து நாலு மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவன் வாயைத் திறந்தபோது அவள் முந்திக்கொண்டாள்.

"சத்தம் காட்டாத. பிள்ளை முழிச்சிருச்சுன்னா நீதான் தோள்ல போட்டுக்கிட்டு சந்து சந்தா நடக்கணும்."

ஜெப்ரி போனைப் பையில் போட்டான். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வந்த வழியே நுனிக்காலில் திரும்பிப் போனான்.